ஜார்ஜ் பேசிய டேப்

சேசு மரி சூசை

சாம்பியன் ரீப், கோலார் தங்கவயல்
10 பிப்ரவரி 1974

அன்புத் தம்பி அருள்நாதனுக்கு,

ஆண்டவர் தயவில் நானும் செலினும் இங்கே சுகம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது? சாயங்காலம் ஈரக்காற்றில் வாசலில் உட்காராதே என்று நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீயாவது சொல்லு. ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் உன்னை வயர்மேனாக நிரந்தரம் செய்துவிட்டார்களா?

கான்வென்ட்டில் தையல் டீச்சர் வேலை பழகிவிட்டது. சிஸ்டர்கள் நல்லவர்கள். தங்க ஒரு அறை, சமைக்க ஒரு மூலை, போதும். ராயபுரத்தில் இருந்தால் ஒவ்வொரு கப்பல் ஊதும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இங்கே சுரங்கத்துச் சங்குதான் ஊதுகிறது. அது நமக்கில்லை.

இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்தே மகள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். போன வாரம் அதைக் கேட்டுவிட்டு செலின் என்னிடம், "எங்கப்பா என்னை எப்படிக் கூப்பிடுவாரு?" என்றாள். 'கெண்டை' என்று கூப்பிடுவார் என்றேன். "அது நீ சொல்றது. அப்பா எப்படிச் சொல்வாரு?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் கடைசியாகக் கப்பலேறுவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் டேப்பில் பேசினாரே, நினைவிருக்கிறதா? உனக்கு அவர் வாங்கிவந்து கொடுத்த மெஷின், அதோடு வந்த ஜெர்மன் டேப். மாதா பாட்டைப் பாதி பாடி, மீதியை மறந்து சிரித்தார். என் மீன்குழம்பைக் குடித்தால் கடலைக் குடித்த மாதிரி இருக்கிறது என்றார். "கெண்டை, அடியே கெண்டை, அப்பா வரும்போது கண் மூடித் திறக்கிற பொம்மை வாங்கியாறேன்" என்றார். செலின் அப்போது உட்காரக்கூடப் பழகவில்லை.

ஏடன் பக்கத்தில் காய்ச்சலில் போனவரைக் கடலில் இறக்கிவிட்டார்கள். கும்பிட ஒரு கல்லறை இல்லை. அந்தக் குரல்தான் மீதி. இங்கே பாட்டுப் பயிற்சிக்கு சிஸ்டர் பெனடிக்டா ஒரு டேப் ரிக்கார்டர் வைத்திருக்கிறார்கள், போட்டுத் தருகிறேன் என்றார்கள். தபாலில் வேண்டாம், உடைந்துவிடும். யாராவது வந்தால் கொடுத்தனுப்பு.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
ஆலிஸ்

---

ராயபுரம்
3 மார்ச் 1974

அன்புள்ள அக்காவுக்கு அருள் எழுதிக்கறது.

நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் செலினும் சௌக்கியம்னு தெரிஞ்சு சந்தோஷம். அம்மாவுக்கு முட்டி அப்படியேதான் இருக்கு. வாசல்ல உக்காரக் கூடாதுன்னு சொன்னா, உள்ள உக்காந்தா மூச்சு முட்டுதுங்கறா.

டேப்பைப் பத்திக் கவலைப்படாத. பீரோவுல பத்திரமா இருக்கு. ஈஸ்டர் வரட்டும், யார்கிட்டயாவது குடுத்தனுப்பறேன்.

உனக்கு ஒரு நல்ல சேதி. நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து 'மின்னல் இன்னிசைக் குழு' ஆரம்பிச்சிருக்கோம். கிடார், தபேலா, அக்கார்டியன், பாட ரெண்டு பேர். பெரிய குழுக்கள்கிட்ட இருக்கற ஒண்ணு எங்ககிட்ட இல்லாம இருந்துது, எக்கோ மெஷின், பாடற குரலை எதிரொலிக்க வைக்கறது. அதை நானே பண்ணிட்டேன். வண்ணாரப்பேட்டையில ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருக்கற கலீலுல்லா பாய் கூட இருந்து சொல்லிக்குடுத்தார். ஜார்ஜ் மாமா குடுத்த ரிக்கார்டரைத்தான் பிரிச்சேன். சும்மா தூங்கிட்டிருந்த பொருள்தானே.

அது எப்படி வேலை செய்யுதுன்னு சொன்னா நீ ஆச்சரியப்படுவே. வழக்கமா டேப் ஒரு சக்கரத்துல இருந்து அடுத்த சக்கரத்துக்கு ஓடும். எக்கோவுக்கு அவ்வளவு நீளம் வேணாம். ஒரு துண்டு வெட்டி, ரெண்டு முனையையும் ஒட்டி வளையமாக்கிடணும். அது சுத்திக்கினே இருக்கும். ஹெட்டுன்னு ஒரு சின்ன இரும்புத் துண்டு பாடறவன் குரலை அதுல எழுதும். கொஞ்சம் தள்ளி இருக்கற ஹெட் அதையே படிச்சு ஸ்பீக்கருக்கு அனுப்பும். எழுதறதுக்கும் படிக்கறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் எக்கோ. அப்புறம் சுத்தி வரும்போது அழிக்கற ஹெட் துடைச்சிடும், அதே இடத்துல புதுக் குரலை எழுதலாம். இருக்கறதே கொஞ்சம் இடம்தான், பழசைத் துடைச்சாத்தான் புதுசுக்கு இடம். "தம்பி, இந்த மெஷினுக்கு ஞாபகசக்தி ஒரு மூச்சு விடற நேரம்தான்"னு பாய் சிரிச்சார்.

உள்ளூர் டேப் போட்டா பொடி உதிர்ந்து ஹெட்டை அடைச்சிடுது. வெளிநாட்டு டேப்தான் தாங்குது. முதல் கச்சேரி கொருக்குப்பேட்டையில ஒரு கல்யாணம். சுரத்தே இல்லாம பாடற நம்ம பையன் பாட்டு, எக்கோ போட்டதும் மலைக்குகையில இருந்து வர்ற மாதிரி வந்துது. ஜனங்க வாயைப் பொளந்துட்டாங்க.

செலினுக்கு இந்த அருள் மாமாவோட முத்தம்.

உன் தம்பி,
அருள்

---

சேசு மரி சூசை

சாம்பியன் ரீப்
31 மார்ச் 1974

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் நலம். செலினுக்கு மட்டும் சளி. வெயில் வந்தும் விடவில்லை. தவக்காலம் என்று அம்மா பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொள்.

நீ மெஷின் செய்தது எனக்குச் சந்தோஷம்தான். அவர் இருந்திருந்தால் கச்சேரிக்கே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் வெளிநாட்டு டேப் உனக்கு எங்கே கிடைத்தது? ஊரில் அது சுலபமாகக் கிடைக்காது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

டேப் வரப்போகிறது என்று செலினிடம் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. தினமும் ஸ்கூல் விட்டதும் "அப்பா வந்துட்டாரா?" என்கிறாள். சிஸ்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

ரயில்வே கூட்ஸ் யார்டில் இருக்கிற சவரிநாதன் அண்ணனை உனக்குத் தெரியும். அவர் மகளை இங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஈஸ்டருக்கு மகளைப் பார்க்க வருகிறார். உன்னிடம் வந்து டேப்பை வாங்கிக்கொள்ளச் சொல்லி அவருக்கு எழுதிவிட்டேன். ஒரு துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்துக் கொடு.

உன் அக்கா,
ஆலிஸ்

---

ராயபுரம்
12 மே 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்க சௌக்கியம். செலினுக்கு சளி விட்டுதா? பதில் போட லேட்டாயிடுச்சு, கோபிச்சுக்காத.

சவரிநாதன் அண்ணன் வந்த அன்னைக்கு நான் ஊர்ல இல்ல, எண்ணூர்ல கச்சேரி. பீரோ சாவி என் கையில இருந்துது. அம்மா தேடிட்டு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டா. என் நேரம், வேற என்ன சொல்ல.

அக்கா, நாங்க இப்ப எங்கேயோ போயிட்டோம். திருவொற்றியூர் தேரடியில வாசிச்சோம், சாத்தாங்காட்டுல வாசிச்சோம். அடுத்த திருவிழாவுக்கு நம்ம கோயில் வாசல்லயே வாசிக்கச் சொல்லி இருக்காங்க. ஒவ்வொரு கச்சேரியிலயும் எக்கோ எங்கேன்னு கேட்டுத்தான் கூட்டம் வருது. ஆனா பெரிய பேஜாரு என்னன்னா, வளையம் ரொம்ப நாள் தாங்கறதில்ல. சுத்தி சுத்தி ஒட்டின இடம் விட்டுப்போவுது, குரல் மங்கிப்போவுது. கச்சேரிக்கு ஒரு துண்டு புதுசா வெட்டிக்க வேண்டியிருக்கு. எக்கோவை ஜாஸ்தியா திருப்பிட்டா, திரும்பி வந்த குரலையே மறுபடி எழுதி, அதும்மேல எழுதி, கடைசியில ஒரே ஊளைதான் கேக்கும். அந்த அளவு பாத்துத் திருப்பறது என் கை ஒண்ணுக்குத்தான் வரும்.

அறிவிப்பாளனா துரைன்னு ஒரு பையன் சேர்ந்திருக்கான். புளியந்தோப்புக்காரன். மிமிக்ரி பண்ணுவான் பாரு, எந்தக் குரலா இருந்தாலும் ரெண்டு தடவை கேட்டாப் போதும், அச்சு அசலா பேசுவான். நம்ம பங்குச் சாமியார் மாதிரி பேசி எங்களை ஏமாத்திட்டான்.

டேப் கொஞ்சம் ஈரம் பட்டிருக்கு. பாய்கிட்ட குடுத்து சுத்தம் பண்ணி அனுப்பறேன்.

உன் தம்பி,
அருள்

---

சேசு மரி சூசை

சாம்பியன் ரீப்
19 மே 1974

தம்பி அருள்நாதனுக்கு,

நாங்கள் நலம். அம்மா நலமா?

உன் கடிதம் நேற்று வந்தது. வைத்துவிட்டு மார்ச் மாதக் கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். வெளிநாட்டு டேப் எங்கே கிடைத்தது என்று கேட்டிருந்தேன், அதற்கு நீ பதில் எழுதவில்லை. கச்சேரிக்கு ஒரு துண்டு வெட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எதிலிருந்து வெட்டுகிறாய்?

எனக்கு மெஷின் தெரியாது. ஆனால் நான் தையல்காரி. துண்டு துண்டாக வெட்டினால் துணிக்கு என்ன ஆகும் என்று தெரியும்.

நான் சண்டைக்கு வரவில்லை, அருள். நீ சின்னப் பையனாக இருந்தபோது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காசிமேடு முழுக்கத் திரிந்தவள் நான். உன்னைத் திட்ட மாட்டேன். வெட்டியது வெட்டியதாக இருக்கட்டும். மீதி இருப்பதை இப்போதே நிறுத்தி, அப்படியே அனுப்பு. பாதி இருந்தால் பாதி. பாட்டு போயிருந்தால் போகட்டும். அவர் சிரித்தது இருந்தால் போதும். 'கெண்டை' என்ற ஒரு வார்த்தை இருந்தால்கூடப் போதும். ஒரு விரல் நீளம் இருந்தாலும் அதை ஒரு காகிதத்தில் மடித்து அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடு.

உன் அக்கா,
ஆலிஸ்

---

ராயபுரம்
1 செப்டம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். இத்தனை மாசம் எழுதாததுக்கு மன்னிச்சுக்க. ஒர்க்‌ஷாப்புல ஓவர்டைம், அப்புறம் மாதா திருநாள் சீசன்னு கச்சேரி மேல கச்சேரி.

நீ போன தடவை எழுதினதைப் படிச்சு எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. மாமா எனக்கும் மாமாதானே அக்கா. அவர் பேசினதை நான் வெட்டிடுவேன்னு நீ எப்படி நினைச்சே? டேப் முழுசா இருக்கு. சவரிநாதன் அண்ணன் இந்த வாரம் அங்க வர்றார், அவர் கையில குடுத்துட்டேன். நீ சொன்ன மாதிரியே துணியில சுத்தி பிஸ்கட் டின்னுல வச்சிருக்கேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஈரத்துல இருந்ததால குரல் கொஞ்சம் குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும். பாய் எவ்வளவோ சுத்தம் பண்ணிப் பார்த்தார், அவ்வளவுதான் முடிஞ்சுது. டேப் பழசானா குரல் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதைப் பெருசா எடுத்துக்காத.

செலின் கேட்டதும் என்ன சொன்னான்னு மறக்காம எழுது.

உன் தம்பி,
அருள்

---

சேசு மரி சூசை

சாம்பியன் ரீப்
22 செப்டம்பர் 1974

அன்புள்ள அருள்நாதனுக்கு,

இங்கே இருவரும் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

டேப் பத்திரமாக வந்து சேர்ந்தது. சவரிநாதன் அண்ணன் மழையில் நனைந்துகொண்டு வந்து கொடுத்தார்.

பூசை முடிந்து பாட்டு அறையில் சிஸ்டர் பெனடிக்டா போட்டார்கள். செலினுக்கு நல்ல கவுன் போட்டு, தலை வாரி, பவுடர் பூசி அழைத்துப் போயிருந்தேன். நாற்காலியில் ஏறி மெஷினுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கெண்டை, அடியே கெண்டை" என்று குரல் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததில்லை. மறுபடி போடச் சொன்னாள். மறுபடி. நாலாம் தடவை, குரல் வருகிற அந்தத் துளைகளில் வாயை வைத்து முத்தம் கொடுத்தாள். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எல்லா ஞாயிறும் போட்டுத் தருகிறேன் என்று செலினிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நான் எழுந்து வராந்தாவில் போய் நின்றுகொண்டேன்.

செலின் என்ன சொன்னாள் என்று கேட்டிருந்தாய். "அப்பாவுக்கு நல்ல குரல்" என்றாள்.

சிரமப்பட்டு அனுப்பிவைத்ததற்கு நன்றி.

ஆலிஸ்

---

ராயபுரம்
3 நவம்பர் 1974

அன்பு மகள் ஆலிஸுக்கு அம்மா சிலுவையம்மாள் சொல்ல, பக்கத்து வூட்டு பட்டம்மாள் எழுதுவது. (அம்மா எப்படிச் சொல்றாங்களோ அப்படியே எழுதச் சொல்லிட்டாங்க.)

இன்னாம்மா ஆலீசு, எப்டி கீற? கொயந்த எப்டி கீது? நான் நல்லாதான் கீறேன். முட்டிதான் படுத்துது. காயிதமே போடமாட்டேங்கற. எம்மேல இன்னா கோவம் உனக்கு?

நேத்து கல்லறத் திருநாளு. எல்லாரும் அவங்கவங்க கல்லறையாண்ட பூ வச்சி மெழுகுத்திரி ஏத்திகினு இருந்தாங்க. நம்ம மாப்ளைக்கி எங்க போயி ஏத்தறது? காசிமேட்டுக் கரையில போயி மணல்ல குத்திவச்சேன். காத்துல நிக்கல. ரெண்டு வாட்டி ஏத்துனேன், அப்றம் வுட்டுட்டேன்.

அருளுக்கு கண்ணாலம் முடிவாயிட்ச்சி. திருவொத்தியூர் பொண்ணு, ஞானம்னு பேரு. நல்லா அடக்கமா கீது. ஜனவரி மாசம் கோயில்ல தாலி. நீ வந்துதான் ஆவணும், நாத்தனார் நீ ஒருத்திதான. இவன் பாட்டு ஆளுங்க எல்லாம் வாசிக்கறாங்களாம். மைக்குல பேசறது அந்த துரை பையந்தான்.

அந்த துரை கீறானே, அவன் கொரல கேட்டா நீ அசந்துபூடுவ. ஆகஸ்ட்டு மாசம் ஒரு ஞாயித்துக்கெயம, நான் அடுப்பாண்ட இருந்தேன். "கெண்ட, அடியே கெண்ட"ன்னு கொரல் கேட்டுச்சி. எங்கப்பன் மேல ஆணையா சொல்றேன், மாப்ளதான் வந்துட்டாருன்னு கரண்டியும் கையுமா ஓடியாந்தேன். பாத்தா, கூடத்துல துரை குந்திகினு பாய் கடை டேப்புப் பொட்டில பேசிகினு கீறான். அருளு உன் காயிதத்த கையில வச்சிகினு, இத சொல்லு அத சொல்லுன்னு பாத்துப் பாத்து சொல்லிக்குடுத்துகினு கீறான். கொயம்பு கதகூட சொன்னான். இன்னாடா இதுன்னு கேட்டதுக்கு, "நாடகத்துக்கும்மா, நீ உள்ள போ"ன்னான். நான் போயி அடுப்பாண்ட குந்திகினு அயுதேன். எந்த நாடகத்துல அது வர்தோ தெரீல.

மாப்ள குட்த்தாரே அந்த டேப்பு சக்கரம், அது காலியா பீரோவுல கெடந்துச்சி. நூல் சுத்த நல்லா கீதுன்னு நான் எடுத்துகினேன்.

கொயந்தைக்கி நல்லா சோறு போடு. கண்ணாலத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துடு.

உன் அம்மா

---

ராயபுரம்
8 டிசம்பர் 1974

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். அம்மா போன மாசம் பட்டம்மாகிட்ட சொல்லி உனக்கு எழுதினாளாமே, பதிலே வரலன்னு ஒரே புலம்பல். என்ன எழுதச் சொன்னான்னு கேட்டா, "கண்ணாலத்தப் பத்திதான்"ங்கறா.

கல்யாணப் பத்திரிகை இதோட வச்சிருக்கேன். ஜனவரி இருபதாம் தேதி காலை பூசையில தாலி கட்டறது. சாயங்காலம் நம்ம தெருவுலயே பந்தல் போட்டுக் கச்சேரி. மின்னல் குழு வாசிக்கற நூறாவது மேடைன்னு வச்சுக்கயேன். நீ முன்வரிசையில உக்காரணும். ஞானம் உன்னைப் பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கா. அக்கா இல்லாம நான் எப்படி மேடை ஏறுவேன், சொல்லு.

செலினுக்கு ஒரு பட்டுப் பாவாடை எடுத்து வச்சிருக்கேன். அவளுக்கு இன்னொரு பரிசும் இருக்கு. கல்யாணத்துக்காக பீரோவை ஒதுக்கும்போது மாமா பேசின டேப் இன்னொண்ணு அடியில கிடைச்சுது. செலினுக்குப் பிறந்தநாள் வாழ்த்தெல்லாம் சொல்லியிருக்கார். நான் இன்னும் முழுசா கேக்கல. நீ வா, எல்லாரும் சேர்ந்து உக்காந்து கேக்கலாம். அவ அதைக் கேட்டு எப்படிச் சிரிக்கிறான்னு நான் கண்ணால பாக்கணும்.

நீ செப்டம்பர்ல எழுதின கடிதத்துக்கு அப்புறம் ஒண்ணுமே எழுதல. அதுலயும் நன்றின்னு போட்டிருந்தே. எனக்கு எதுக்கு அக்கா நன்றி?

எந்த ரயிலுன்னு எழுது, ஸ்டேஷனுக்கு நானே வர்றேன்.

உன் தம்பி,
அருள்

---

சேசு மரி சூசை

சாம்பியன் ரீப்
5 ஜனவரி 1975

அன்புள்ள தம்பி அருள்நாதனுக்கு,

நானும் செலினும் சுகம். அம்மாவும் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பத்திரிகை கிடைத்தது. ஞானத்துக்கு ஒரு ரவிக்கையும் மேசை விரிப்பும் நானே தைத்து சவரிநாதன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் முட்டிக்குத் தைலமும் அதில் இருக்கிறது.

நாங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் வீம்பு பிடிப்பதாக ஞானம் நினைத்துக்கொள்வாள். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது என்று அவளைத் திட்டாதே. பாட்டு அறையில் முதல் தடவை கேட்டபோதே தெரிந்துவிட்டது. குரலை வைத்துக்கூட இல்லை. துரை நன்றாகத்தான் பேசியிருக்கிறான். மாதா பாட்டு இருந்தது, மீன்குழம்பு இருந்தது, பொம்மை இருந்தது. நான் பிப்ரவரியில் உனக்கு எழுதியது அத்தனையும் இருந்தது. எழுதாதது ஒன்றுகூட இல்லை. பாட்டுக்கு நடுவில் அவர் இருமியது இல்லை. அம்மா சோற்றுப்பானை மூடியைக் கீழே போட்டதும், அதற்கு அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டதும் இல்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி மெதுவாக ஒன்று சொன்னார். தம்பிக்கு எழுதுகிற விஷயமில்லை என்று நான் அதை எழுதவில்லை. அதனால் அதுவும் இல்லை.

மே மாதம் நான் கேட்டபோது எவ்வளவு மீதி இருந்தது, அருள்? இந்த ஒன்றை மட்டும்தான் தெரிந்துகொள்ள ஆசை. பிறகு வேண்டாம் என்றும் தோன்றுகிறது. பாதி இருந்தது என்று நீ சொன்னால் என்னால் தாங்க முடியாது.

செலினிடம் நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஞாயிறு தவறாமல் கேட்கிறாள். ஒவ்வொரு வார்த்தையும் மனப்பாடம். அவளாகப் பேசும்போதும் அந்த இழுப்பு வருகிறது, "அடியே" என்பதை துரை இழுக்கிற மாதிரியே இழுக்கிறாள். ஸ்கூலில் எல்லோரிடமும் அப்பா பேசுவதாகச் செய்து காட்டுகிறாள். அவளுக்கு அதுதான் அப்பா. அதைப் பிடுங்கிக்கொண்டு அவள் கையில் நான் எதைக் கொடுப்பேன்?

இப்போது சொல்லு, அவளை எப்படி உன் பந்தலுக்கு அழைத்து வருவது? மைக்கில் துரை வாய் திறந்ததும் அவள் என் மடியிலிருந்து இறங்கி ஓடுவாள். மேடை ஏறி அவன் காலைக் கட்டிக்கொள்வாள். அத்தனை பேருக்கு முன்னால் அந்தப் பையன் என்ன செய்வான்? அவன்மேல் எனக்குக் கோபமில்லை. நீ பேசச் சொன்னதைப் பேசினான். அவனை மைக்கிலிருந்து எடுத்துவிடு என்று நான் கேட்கவும் இல்லை. ஆனால் அவன் அந்தத் தெருக்களில் பேசிக்கொண்டு திரிகிற வரைக்கும் நான் என் மகளை அங்கே கொண்டுவர முடியாது. கோயில் திருவிழாவுக்கும் முடியாது. அம்மாவுக்கு ஒன்றென்றாலும் நான் மட்டும்தான் வருவேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வராந்தாவில் நின்றாலும் ஜன்னல் வழியாகக் காதில் விழுகிறது. முதலில், இது அவர் இல்லை, இது அவர் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது அவரை நினைத்தால் அந்தக் குரல்தான் வருகிறது. கடைசியில் என்னிடம் சொன்னதைக்கூட துரை சொல்கிற மாதிரிதான் கேட்கிறது. அவரது சொந்தக் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு டேப் வேண்டாம். அனுப்பினால் பிரிக்காமல் திருப்பிவிடுவேன். அவர் ஒரு தடவைதான் பேசினார்.

போன ஞாயிறு மெஷினில் டேப் சிக்கி நாலைந்து இடத்தில் அறுந்துவிட்டது. சிஸ்டர் பெனடிக்டா கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். செலின் தரையில் விழுந்து, "அப்பா அறுந்துட்டாரு" என்று அலறியதில் ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள். இதோடு தொலையட்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவள் விக்கி விக்கி மூச்சுத் திணறினாள். நான் போய் என் தையல் கத்தரியையும் ஒட்டுகிற தாளையும் எடுத்து வந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கசங்கிய துண்டுகளை நகத்தால் நீவி, முனையோடு முனை வைத்து ஒட்டினேன். மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. போட்டுப் பார்த்தோம். ஒரு வார்த்தைகூடப் போகவில்லை.

உன் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும்.

ஆலிஸ்